ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்கள்: வாசலில் தொடங்கும் சண்டையை எப்படி நிறுத்துவது?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவர் வீட்டில் இரண்டு பெண் நாய்கள் இருக்கின்றன. மூத்தது 7 வயது லேப்ரடார். இளையது, ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு மழைநாளில் தெருவிலிருந்து கைக்குட்டியாக எடுத்து வந்த நாட்டு நாய். ஓராண்டு வரை ஒரே சாக்கில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துறங்கிய இரண்டும், கடந்த நான்கு மாதங்களாக, அவருடைய கணவர் மாலையில் வேலை முடிந்து வண்டியை நிறுத்தும் நேரத்தில் வாசலிலேயே ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து கடித்துக்கொள்கின்றன. மூன்றாவது சண்டையில் லேப்ரடாரின் காதுக்கு 6 தையல் போட வேண்டியதாயிற்று. விலக்கிவிடப் போன மாமனாரின் கையிலும் பல் இறங்கிவிட்டது. "இரண்டுக்கும் ஒரே அளவு சோறுதான் வைக்கிறோம், ஒரே அளவு பாசம்தான் காட்டுகிறோம். பிறகு ஏன் இந்தப் பொறாமை? ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதானா?" என்று கேட்டிருக்கிறார்.

நாய்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் மாமனாரின் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று மஞ்சளை அப்பிக் கட்டிவிட்டு மறந்துவிடும் வழக்கம் வேலூர்ப் பக்கத்தில் இன்னும் முழுதாக மறையவில்லை. நாய்ப் பல் பட்டு ரத்தம் வந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் என்று எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் போடப்படுகிறது. உங்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில் இல்லை. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளை 0 என்று கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுவார்கள். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி தேவையா என்பதையும் மருத்துவரே முடிவு செய்வார். இதுவரை போகவில்லையென்றால், நாளாகிவிட்டதே என்று இருந்துவிடாமல் இன்றே அழைத்துச் செல்லுங்கள். அப்படியே இரண்டு நாய்களின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பார்த்து, ஆண்டு ஊசி தவறியிருந்தால் இந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்தது வலி. மாதக்கணக்கில் ஒற்றுமையாக இருந்த நாய்கள் திடீரென்று மோதத் தொடங்கினால், குணத்தை ஆராய்வதற்கு முன் உடம்பை ஆராய வேண்டும் என்பதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். 7 வயது லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டிலோ முழங்கையிலோ தேய்மானம் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். காதுக்குள் சீழ், கடைவாய்ப் பல்லில் சொத்தை, உண்ணிக் காய்ச்சல், தைராய்டு குறைவு, மங்கத் தொடங்கிய கண் என்று எது இருந்தாலும், இளைய நாய் ஓடிவந்து இடிப்பது அதற்குப் பொறுக்க முடியாத துன்பமாகிவிடும். காட்பாடியில் ஒரு வீட்டில், சோற்றுத் தட்டின் அருகே இன்னொன்றைக் கண்டாலே சீறிய ஒரு நாயை எல்லோரும் பொறாமைக்காரி என்றே அழைத்துவந்தார்கள். வாயைத் திறந்து பார்த்தபோது மேல்வரிசைக் கடைவாய்ப் பல் பிளந்து, ஈறு வீங்கிக் கிடந்தது. பல்லை எடுத்த மூன்றாம் வாரத்துக்குப் பிறகு அந்தச் சீற்றத்தை நான் கேள்விப்படவில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனி நாளில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், மூட்டு, காது, பல் மூன்றையும் பார்க்கச் சொல்லி, ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். வலி இருந்தால், அதைத் தீர்க்காமல் கீழே நான் எழுதப்போகும் எதைச் செய்தும் பயன் இருக்காது.

இப்போது பொறாமைக்கு வருவோம். நாய்க்குப் பொறாமை உண்டா என்று கேட்டால், அதற்கு நெருங்கிய ஏதோ ஒன்று உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 36 நாய்களை வைத்து நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. வளர்ப்பவர் தன் நாயைக் கவனிக்காமல், குரைத்து வாலாட்டும் ஒரு பொம்மை நாயைக் கொஞ்சினார். பிறகு ஒரு வாளியைக் கொஞ்சினார். பிறகு ஒரு புத்தகத்தை உரக்கப் படித்தார். பொம்மை நாயைக் கொஞ்சியபோதுதான் நாய்கள் மிகுதியாக நடுவே புகுந்தன, வளர்ப்பவரை முட்டித் தள்ளின, சில பொம்மையைக் கடிக்கவும் போயின. எனவே நீங்கள் கண்ணால் காண்பது கற்பனை அன்று. ஆனால் அதை மனிதருடைய பொறாமையைப் போல எண்ணி, மனத்தாங்கல், வஞ்சம், பழிவாங்கல் என்று கதை கட்டும்போதுதான் வழி தவறுகிறோம். நேற்று அவளுக்கு இரண்டு துண்டு கிடைத்தது, எனக்கு ஒன்றுதான் என்று நாய் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. எனக்கு வேண்டியது இப்போது வரப்போகிறது, அது எனக்குக் கிடைக்குமா, குறுக்கே நிற்பவள் தட்டிக்கொண்டு போய்விடுவாளா என்ற அந்தக் கண நேரத்து ஐயம்தான் அதைப் பாய வைக்கிறது.

சமமாகப் பங்கிட்டும் சண்டை தீராதது இதனால்தான். இரண்டு தட்டையும் அருகருகே வைத்து, இரண்டு தலையையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் தடவி, நீங்கள் நியாயமாக நடந்துகொள்வதாக நினைக்கிறீர்கள். நாய்களோ ஒவ்வொரு முறையும் ஒரே பொருளை நோக்கி ஒரே நேரத்தில் நெருக்கப்படுகின்றன. பங்கு சமமாக இருப்பதைவிட, தன் பங்கு தவறாமல் வரும், அதற்காக யாரோடும் முட்டிமோத வேண்டியதில்லை என்று இரண்டுக்கும் உறுதிப்படுவதே முக்கியம். கீழே சொல்பவை எல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகளே.

ஏன் இப்போது தொடங்கியது என்பதற்கும் விடை இருக்கிறது. குட்டியாக வந்தது இப்போது குட்டியில்லை. நாய் முழு வளர்ச்சி அடைந்து, மற்ற நாய்களோடு தன் நிலையை நிறுவிப் பார்க்கும் பருவம் ஏறத்தாழ ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் வருகிறது. உங்கள் இளையது சரியாக அந்த வயதில் நிற்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே வீட்டில் சண்டையிட்ட 38 ஜோடி நாய்களைப் பற்றியது. அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஒரே பாலின ஜோடிகள். பெரும்பாலான ஜோடிகளில் பெண் நாய் இருந்தது. சண்டையைத் தொடங்கியது பெரும்பாலும் வயதில் இளையது, அல்லது வீட்டுக்குப் பிந்தி வந்தது. தூண்டிவிட்டவை வளர்ப்பவரின் கவனம், உணவு, கிளர்ச்சியான நேரங்கள், கீழே கிடந்து கண்டெடுத்த பொருள்கள். உங்கள் வீட்டில் நடப்பது இந்த வரைபடத்திலிருந்து அணுவளவும் விலகவில்லை. இதில் உங்கள் வளர்ப்பின் குற்றம் எதுவும் இல்லை என்று சொல்வதற்காகவே இதை எடுத்துக் காட்டுகிறேன்.

இளையதற்குக் கருத்தடை ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லையென்றால், பருவத்துக்கு வரும் மூன்று வாரமும், அதற்கு ஒன்றரை இரண்டு மாதம் கழித்துச் சில பெண் நாய்களுக்கு வரும் பொய்ச்சினை நாட்களும் சண்டையைக் கூட்டும். அறுவை செய்வதானால், பருவம் முடிந்து ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துச் செய்வதே நல்லது. ஆனால் அறுவை ஆனதும் சண்டை நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண் நாய்களுக்கிடையே அது ஓரளவு உதவலாம்; பெண் நாய்களுக்கிடையே வேரூன்றிய பகையை அது மட்டுமே தீர்த்து நான் கண்டதில்லை.

இனி அந்த வாசலைப் பார்ப்போம். நீங்கள் விவரித்த காட்சியை எத்தனையோ வீடுகளில் நேரில் நின்று பார்த்திருக்கிறேன். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே இரண்டும் எழுந்துவிடும். இளையது கிரில் கேட்டுக்கும் செருப்பு வைக்கும் அலமாரிக்கும் இடையிலுள்ள மூன்றடி இடைவெளியில் போய் நின்றுகொள்ளும். மூத்தது பின்னாலிருந்து தலையை நுழைக்கும். அப்போது இளையதின் வாலைப் பாருங்கள்: ஆடிக்கொண்டிருந்த வால் கம்பி போல் மேலே நின்று, நுனி மட்டும் அதிரும். வாய் மூடிக்கொள்ளும், அதுவரை வெயிலுக்கு நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்த நாய் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். தலை திரும்பாது, கண் மட்டும் பக்கவாட்டில் உருண்டு வெள்ளை விழி பிறைபோல் தெரியும். மூத்தது உதட்டை ஒரு முறை நக்கி முகத்தைத் திருப்பினால், அது விட்டுக்கொடுக்கிறது. அன்றைக்குச் சண்டை இல்லை. திருப்பாமல் அதுவும் விறைத்தால், அடுத்து உறுமல், அதற்கடுத்து பல். இவ்வளவும் நான்கைந்து நொடிக்குள் முடிந்துவிடும். "ஒன்றுமே இல்லாமல் திடீரென்று பாய்ந்தது" என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் அந்த நான்கு நொடியை யாரும் பார்த்திருக்கவில்லை. உங்கள் கண் கேட்டுக்கு வெளியே இருக்கும் கணவர் மேல் இருக்காமல், உள்ளே நிற்கும் இரண்டு வால்களின் மேல் இருக்க வேண்டும்.

முதல் வேலை, அடுத்த சண்டை நடக்காமல் பார்த்துக்கொள்வது. அவையே அடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வரட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், இதைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்கான ஒத்திகைதான். மூன்றாவதைவிட நான்காவது விரைவாகவும் கடுமையாகவும் வரும். ஆகவே குறைந்தது நான்கு வாரம், நீங்கள் கூடவே இல்லாத எந்த நேரத்திலும் இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஒன்று வராண்டாவில் என்றால் மற்றது உள்ளே. மூன்று மணி நேரம் கழித்து இடம் மாற்றுங்கள். நடுவில் குழந்தைகளுக்காகப் பொருத்துவது போன்ற கம்பித் தடுப்பு ஒன்றைத் தச்சரிடம் சொல்லி இடுப்பு உயரத்துக்குச் செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிடுங்கள். ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இருப்பதும் சண்டையின் ஒரு பகுதியே.

சோறு தனித்தனி அறையில், கதவு சாத்தியபின். தட்டை எடுத்துக் கழுவி மேலே வைத்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். காலித் தட்டுக்காகவும் சண்டை வரும். தண்ணீர் மூன்று இடத்தில் இருக்கட்டும். பந்து, தோலில் செய்த கடிப்பான், துணிப் பொம்மை எல்லாவற்றையும் அள்ளிப் பரணில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எலும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிட்டு முடித்த எலும்பை முற்றத்தில் இரண்டுக்கும் பொதுவாக வீசுவது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். இரண்டு நாய்களுக்கு நடுவே வைக்கக்கூடிய பொருள்களில் அதைவிடக் கெட்டது வேறில்லை. வெந்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலையும் குத்தும். அதை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

இடமும் வெயிலும் சேர்ந்தே வேலை செய்கின்றன. வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது, வீட்டில் குளிர்ந்த இடம் என்பது மின்விசிறிக்கு அடியிலோ குளியலறைக் கதவருகிலோ உள்ள நான்கு சதுர அடித் தரை மட்டுமே. பகல் முழுக்க அந்த இடத்துக்காக முறுக்கிக்கொண்டிருந்த நாய்கள்தான் மாலையில் வாசலில் வெடிக்கின்றன. ஒரு நாளின் சிறு எரிச்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கடைசி ஒன்றில் சரிகின்றன. எனவே இரண்டுக்கும் தனித்தனியாக ஈரச் சாக்கும் காற்றும் நிழலும் உள்ள படுக்கை இருக்க வேண்டும். தீபாவளி வெடி நாட்களிலும், விருந்தாளிகள் வரும் நாட்களிலும், தெரு நாய்கள் கேட்டுக்கு வெளியே குரைக்கும் நேரங்களிலும் முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். வெளியே உள்ள நாயைக் கடிக்க முடியாத ஆத்திரத்தில் பக்கத்தில் நிற்கும் சொந்த நாயைக் கடிப்பது மிகச் சாதாரணம்.

இத்தனையும் செய்தும் மறுபடி சண்டை மூண்டுவிட்டால், கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். மாமனாருக்குக் கடி பட்டது இப்படித்தான் இருக்கும். வெறியில் இருக்கும் நாய் தன்னைத் தொட்டது யார் என்று பார்ப்பதில்லை. கத்துவதும் அடிப்பதும் நெருப்பில் எண்ணெய். வாசலில் எப்போதும் நிரம்பிய ஒரு வாளியும், தடிமனான ஒரு போர்வையும், நாய்களுக்கு நடுவே செருகக்கூடிய அகலமான பலகை ஒன்றும் இருக்கட்டும். தண்ணீரை முகத்தில் வீசுங்கள், போர்வையைப் போடுங்கள், பலகையைச் செருகுங்கள். எதுவும் ஆகவில்லையென்றால், பெரியவர்கள் இருவர் இருந்தால் மட்டும், ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களை இடுப்போரமாகத் தூக்கிப் பிடித்து, வளைந்து பின்னோக்கி நடந்து பிரிக்கலாம். பல் இன்னும் கவ்விக்கொண்டிருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். விடும் கணத்துக்காகக் காத்திருங்கள். பிரித்ததும் தனி அறைகளில் அடைத்துவிடுங்கள். அன்றைக்கும் மறுநாளும் சேர்க்காதீர்கள். சமாதானம் செய்து வைக்கிறேன் என்று மூக்கோடு மூக்கு கொண்டுபோவது இன்னொரு சண்டையைத்தான் கொண்டுவரும்.

அமைதியானபின் முடியை விலக்கிக் கழுத்து, அக்குள், காலிடுக்கு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். கோரைப்பல் போட்ட ஓட்டை வெளியே மிளகளவுதான் இருக்கும். உள்ளே தோல் சதையைவிட்டுப் பிரிந்து பையாகி, மூன்றாம் நாள் சீழ் கட்டும். நம் ஊர் வெக்கையில் ஈ உட்கார்ந்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். உப்புக் கரைத்த கொதித்து ஆறிய நீரால் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதருக்கான பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள்; இவை நாய்க்குக் கடும் கேடு செய்யும்.

சேர்க்கும் வேலையை வீட்டுக்குள் தொடங்கக் கூடாது. வெளியே, நடையில் தொடங்க வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தெரு நாய்த் தொல்லை குறைந்த அகலமான சாலையிலோ, தண்ணீர் இல்லாத நாளில் பாலாற்று மணல்வெளியிலோ, ஆளுக்கு ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு இருவர் நடங்கள். முதலில் இரண்டுக்கும் இடையே முப்பது நாற்பது அடி இருக்கட்டும். ஒரே திசையில், இணையாக. தலையைத் திருப்பி மற்றதைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், வேகவைத்த கோழி ஈரலில் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டு கொடுங்கள். எதிரியைக் கண்டால் எனக்கு ஈரல் வருகிறது என்ற எண்ணம் இரண்டின் மனத்திலும் ஊறவேண்டும். முறைப்பு இல்லாத நாட்களில் மட்டும் இரண்டடி இரண்டடியாக நெருங்குங்கள். விறைப்பு வந்தால் முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள். தோளோடு தோள் உரசாமல், ஆனால் அருகருகே நடக்க மூன்று வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அவசரப்பட்ட வீடுகளில்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

அதே நாட்களில் ஒவ்வொரு நாய்க்கும் தனியாக இரண்டு பாடங்கள் கற்பியுங்கள். ஒன்று, பெயரைச் சொன்னால் எதைச் செய்துகொண்டிருந்தாலும் விட்டுத் திரும்புவது. மற்றது, "இடம்" என்றால் தன் சாக்குக்குப் போய்ப் படுத்து, விடச் சொல்லும்வரை இருப்பது. நாளுக்கு மூன்று முறை, ஐந்தைந்து நிமிடம் போதும். இந்த இரண்டும் பழகிய நாயிடம், வால் கம்பியாகும் அந்த நொடியிலேயே பெயரைச் சொல்லி அழைத்துவிடலாம். கை வைக்க வேண்டியதே இல்லை. சோறு, கொஞ்சல், வெளியே போவது எதுவானாலும் அமைதியாக உட்கார்ந்த பிறகே கிடைக்கும் என்று வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள். முட்டித் தள்ளி நுழைவதற்கு ஒருவர் தலையைத் தடவிவிட்டால் போதும், மற்றவர்களின் ஒரு வார உழைப்பு கரைந்துவிடும். பொதுவாக இந்த இடத்தில் பாட்டி தாத்தாக்களின் இரக்கம்தான் பெரிய தடை. அவர்களிடம் உட்கார்ந்து பொறுமையாக விளக்குங்கள்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வி உங்களுக்கு வரும். மூத்ததை முன்னிறுத்து என்று சிலரும், வலியதை முன்னிறுத்து என்று சிலரும் சொல்வார்கள். என் தீர்ப்பு வேறு: வரிசை எதுவானாலும் அது நாள்தோறும் மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மூத்ததற்கு முதலில், இளையதற்கு இரண்டாவதாக என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்ததற்கு மூட்டு வலி இருக்கக்கூடும் என்பதாலும், காத்திருக்கக் கற்றுக்கொள்ளும் வலிமை இளையதற்கே அதிகம் என்பதாலும் இதைச் சொல்கிறேன்.

தண்டனையைப் பற்றி ஒரு சொல். நாயை மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடித்து "நான்தான் தலைவன்" என்று காட்டச் சொல்லும் வீடியோக்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. இந்தத் தலைமைக் கோட்பாடு, ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாமல் கூண்டில் அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் பிள்ளைகளும் அடங்கிய குடும்பமே என்று 1999-இல் எழுதித் தாமே திருத்திக்கொண்டார். உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமலைத்தான் விடும், கடியை விடாது. எச்சரிக்காமல் கடிக்கும் நாயை நாமே உருவாக்கியதாக ஆகும். உறுமல் வந்தால் நன்றி என்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெயர் சொல்லி அழைத்துப் பிரித்துவிடுங்கள்.

இளவயதில் என் வீட்டிலேயே இந்தத் தவற்றைச் செய்தேன். இரண்டு பெண் ராஜபாளையங்களில் இளையது உறுமும்போதெல்லாம் மூங்கில் குச்சியால் தரையைத் தட்டி மிரட்டி, அடக்கிவிட்டதாக எண்ணியிருந்தேன். எட்டு மாதம் சத்தமில்லை. ஒரு நாள் நான் உடன் நின்றுகொண்டிருக்கும்போதே, ஓர் உறுமல்கூட இல்லாமல் மூத்ததின் கழுத்தைப் பிடித்தது. மூத்தது பிழைத்துக்கொண்டது; ஆனால் அதன் ஆயுள் முழுவதும், நான்கு ஆண்டுகள், இரண்டையும் ஒரு கம்பிக் கதவின் இரு புறமும் மாற்றி மாற்றி வைத்தே வளர்த்தேன். அந்தக் கதவை முதல் உறுமலின்போதே வைத்திருந்தால் நான்கு ஆண்டு தேவைப்பட்டிருக்காது என்று இன்றும் வருந்துகிறேன்.

வாய்க்கூடு போடலாமா என்று கேட்பீர்கள். அருகருகே நடத்தும் பயிற்சிக்கு அது நல்ல காப்பு. ஆனால் வாயைத் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகையே வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நம் வெயிலில் உயிருக்கே ஆபத்து. கூட்டுக்குள் ஈரலைத் தடவி, தானாகவே மூக்கை நுழைக்கப் பத்து நாள் பழக்கிய பிறகே வாரைப் பூட்டுங்கள். பதற்றம் மிக அதிகமான நாய்க்கு மருத்துவர் மாத்திரையும் எழுதலாம்; ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், பயிற்சியோடு சேர்ந்தால்தான் அதற்குப் பொருள்.

ஒன்றைக் கொடுத்துவிட வேண்டியதுதானா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு சண்டையிலும் ஆழ்ந்த காயம் பட்டாலோ, ஒன்று மற்றதைவிட மிகச் சிறியதாக இருந்தாலோ, தவழும் குழந்தை வீட்டில் இருந்தாலோ, எப்போது வெடிக்கும் என்று கணிக்கவே முடியாமல் போனாலோ, இன்னொரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுப்பது தோல்வி அன்று; அது அந்த நாய்க்குச் செய்யும் நன்மை. அப்படிக் கொடுக்கும்போது, மற்ற பெண் நாய்களோடு அதற்கு ஒத்துவராது என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். தெருவிலிருந்துதானே வந்தது, தெருவிலேயே விடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் தெருவின் நாய்க்கூட்டத்தில் ஒரு வாரம் தாங்காது; பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

உங்கள் வீடு அந்த நிலையில் இல்லை என்பது என் கருத்து. நீங்கள் எழுதியதில் எனக்கு நம்பிக்கை தந்தது, சண்டை மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே காரணத்துக்காக நடந்திருப்பதுதான். மற்ற நேரங்களில் ஒரே கூடத்தில் தூங்கும் நாய்கள் அவை. ஆகவே அந்த வண்டிச் சத்தத்திலிருந்தே தொடங்குங்கள். இந்த வாரம் முழுவதும் கணவர் தெருமுனையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரட்டும். வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஒன்றைப் பின்கட்டிலும் ஒன்றை அறையிலும் விட்டுவிடுங்கள். அவர் உள்ளே வந்து, கைகால் கழுவி, ஒரு காப்பி குடித்து முடித்து, வீடு அடங்கிய பிறகு, முதலில் மூத்ததிடமும் அடுத்து இளையதிடமும் தனித்தனியாகப் போய்ப் பத்துப் பத்து நிமிடம் உட்காரட்டும். செருப்பு அலமாரியையும் நாளையே அந்த இடத்திலிருந்து அகற்றிவிடுங்கள், மூன்றடி ஆறடியாகட்டும்.